சத்து மாத்திரை தானே!

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் சத்து மாத்திரைக்கு எதிரி இல்லை. விட்டமின் டி கேப்சூல் விவகாரத்தைப் பற்றி எழுதிய பிறகு எனக்கு அப்படி ஒரு பட்டம் கிடைத்திருக்கிறது. "எதை எடுத்தாலும் குறை சொல்ற ஆள்", "டாக்டர்களுக்கு ஆள் பிடிக்கிறவர்", இன்னும் சில. எல்லாவற்றையும் படித்தேன். எதுவும் என்னைத் தைக்கவில்லை என்று எழுத ஆசைதான்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எட்டு வாரத்துக்கு வாரம் ஒன்று என்று எழுதிக்கொடுத்த 60,000 யூனிட் விட்டமின் டி கேப்சூலை ஓர் அம்மா தினம் ஒன்றாகப் போட்டிருக்கிறார், 40 நாள். இப்போது ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார். அதைப் பற்றி நான் நாலு வரி எழுதியதற்கு வந்த பதில்களில் பாதிக்கு மேல் ஒரே வாசகம்: "சத்து மாத்திரை தானே, கூடினா மூத்திரத்துல போயிடும்."

போகாது.

விட்டமின் ஏ, டி, ஈ, கே நாலும் கொழுப்பில் கரைபவை. வேண்டியது போக மிஞ்சியது கல்லீரலிலும் கொழுப்பிலும் தங்கிவிடும். கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பாருங்கள். எட்டு வாரத்துக்கு எட்டு கேப்சூல் என்றால் 4,80,000 யூனிட். 40 நாளில் 40 கேப்சூல் என்றால் 24,00,000. பெரியவர்கள் டாக்டர் மேற்பார்வை இல்லாமல் தினமும் எடுக்கலாம் என்று வகுத்திருக்கும் உச்சவரம்பே 4,000தான். அவர் எடுத்தது தினமும் அதைப் போலப் பதினைந்து மடங்கு. இத்தனைக்கும் 60,000 யூனிட் என்பது எடையில் வெறும் ஒன்றரை மில்லிகிராம். மிகமிகச் சின்ன அளவு. அதனால்தான் யாருக்கும் பயம் வருவதில்லை.

உள்ளே என்ன நடக்கிறது என்றால், டி அதிகமானால் குடல் கால்சியத்தை வாரி இழுக்கும், எலும்பிலிருந்தும் கால்சியம் இறங்கும். ரத்தத்தில் டெசிலிட்டருக்கு எட்டரைக்கும் பத்தரை மில்லிகிராமுக்கும் நடுவில் நிற்கவேண்டியது ஏறிக்கொண்டே போகும். தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், வாந்தி, எழுந்திருக்க முடியாத அசதி. இதில் கொடுமை எது தெரியுமா? அந்த அசதியைத்தான் அவர் "இன்னும் சத்து ஏறலை" என்று எடுத்துக்கொண்டார். விஷம் செய்த வேலையைப் பற்றாக்குறை என்று நினைத்து இன்னொன்று போட்டார். இதற்குப் பெயர் அலட்சியம் இல்லை. "சத்து மாத்திரை தானே" என்று நாம் எல்லோரும் சேர்ந்து சொல்லிக்கொடுத்த பாடம். நிறுத்தினாலும் உடனே சரியாகாது. சேமிப்பில் இருப்பது கரைய மாதக்கணக்கில் ஆகும்.

"அப்போ பி, சி எல்லாம் தண்ணியில கரையறதுதானே?" என்று ஒருவர் மடக்கியிருந்தார். பாதி சரி. மீதிப் பாதிக்கு பி6 போதும். தினமும் கிராம் கணக்கில் பி6 விழுங்கியவர்களுக்குக் கால் மரத்து, நடையே தள்ளாடியதை 1983லேயே மருத்துவ இதழில் பதிவு செய்துவிட்டார்கள். அமெரிக்காவில் உச்சவரம்பு 100 மில்லிகிராம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் தன்னுடைய வரம்பை 2023ல் 12 மில்லிகிராமாகக் குறைத்தது. நரம்புக்கு நல்லது என்று விற்கும் மாத்திரையிலும் பி6, மல்டிவிட்டமினிலும் பி6, எனர்ஜி பானத்திலும் பி6. மூன்றையும் கூட்டிப் பார்ப்பவர் யார்? விட்டமின் சி ஒரே நாளில் இரண்டு கிராமைத் தாண்டினால் வயிற்றுப்போக்கு. சிறுநீரகக் கல் வரும் உடம்பு என்றால் அந்த ஆபத்தும் சேர்ந்துகொள்ளும். மூத்திரத்தில் போவது உண்மைதான். போகிற வழி கிட்னி வழியாகத்தானே?

இப்போது அந்தப் பட்டத்துக்கு வருகிறேன். எதிரியாம். கர்ப்பத்துக்குத் திட்டமிடும் பெண்கள் ஃபோலிக் ஆசிட் 400 மைக்ரோகிராம் கட்டாயம் போடவேண்டும் என்று இங்கே எத்தனை முறை எழுதியிருக்கிறேன்? கர்ப்பம் உறுதியான பிறகு இல்லை, அதற்கு முன்பே. குழந்தையின் முதுகுத்தண்டு நரம்புக்குழாய் கருத்தரித்து 28 நாளுக்குள் மூடிவிடுகிறது. பல பேருக்கு நாள் தள்ளிப்போனதே அப்போதுதான் தெரியவரும். ஏற்கெனவே அந்தக் குழாய் சரியாக மூடாத குறையோடு ஒரு குழந்தை பிறந்தவர்களுக்கு அதிக டோஸ் கொடுத்துப் பார்த்ததில், மறுபடி வரும் வாய்ப்பு 72 சதவீதம் குறைந்ததாக 1991ல் பிரிட்டன் ஆய்வு காட்டியது. இதைவிடப் பெரிய வெற்றி சத்து மாத்திரை வரலாற்றில் அதிகம் இல்லை. அசைவமே தொடாதவர்கள், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருடம் எடுப்பவர்கள், வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை நிறுத்தாமல் போடுபவர்கள் எல்லோரும் பி12 பார்த்துக்கொள்ளவேண்டும். பிறந்த குழந்தைக்குப் போடும் விட்டமின் கே ஊசி உயிர் காப்பது. இதெல்லாம் நான் சொன்னதுதான். ஆனால் "யாருக்கு, எவ்வளவு, எத்தனை நாள்" என்று கேட்டால் உடனே எதிரி.

அந்த ஃபோலிக் ஆசிட்டே ஆளைக் கவிழ்க்கும் இடமும் உண்டு. பி12 குறைவால் வந்த சோகைக்கு வெறும் ஃபோலிக் ஆசிட் போட்டால் ரத்த அளவு ஏறிவிடும், ரிப்போர்ட் அழகாக இருக்கும். உள்ளே நரம்பு கெடுவது மட்டும் நிற்காது. நல்ல ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டே கால் மரத்துப்போகும்.

"இயற்கையா எடுத்தா ஒன்னும் ஆகாது" என்பவர்களுக்கு: 1597ல் ஆர்க்டிக்கில் மாட்டிக்கொண்ட டச்சு மாலுமிகள் பனிக்கரடியின் ஈரலைத் தின்று, தலை முதல் கால் வரை தோல் உரிந்தார்கள். கரடி இயற்கைதான். ஈரலில் இருந்த விட்டமின் ஏவும் இயற்கைதான்.

"பத்து வருஷமா போடறேன், நல்லாத்தான் இருக்கேன்." சந்தோஷம்.

"ஆன்டிஆக்சிடன்ட் கேன்சரைத் தடுக்கும்னு எல்லாரும் சொல்றாங்களே?" இது நியாயமான கேள்வி, ஏனென்றால் ஆராய்ச்சியாளர்களே அப்படித்தான் நம்பினார்கள். பின்லாந்தில் 29,133 ஆண் புகைப்பிடிப்பாளர்களை எடுத்து, ஒரு பகுதியினருக்குத் தினமும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் என்ற ஆன்டிஆக்சிடன்டைக் கொடுத்தார்கள். 1994ல் முடிவு வந்தது. எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். அமெரிக்காவில் நடந்த அதே மாதிரி ஆய்வை 1996ல் பாதியிலேயே நிறுத்தினார்கள். விட்டமின் ஈ 400 யூனிட் எடுத்த ஆண்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியதை 2011ல் பார்த்தார்கள். நல்லது செய்யும் என்று நம்பித்தான் கொடுத்தார்கள். நம்பிக்கையில் குறை இல்லை, அளவிட்டுப் பார்த்தார்கள், தப்பு என்று தெரிந்தது, சொன்னார்கள். நாம்தான் இன்னும் 1990க்கு முன்னால் நிற்கிறோம்.

முடிக்கு பயோட்டின் (இதுவும் ஒரு பி விட்டமின்தான்) போடுபவர்கள் கொஞ்சம் கோபத்தை அடக்கிக்கொண்டு இந்தப் பத்தியைப் படியுங்கள். ஒரு நாளைக்குத் தேவை 30 மைக்ரோகிராம். முடி மாத்திரையில் இருப்பது பெரும்பாலும் 5,000, 10,000. அது உடம்பைக் கெடுக்கவில்லை, சரி. ரத்தப் பரிசோதனையைக் கெடுக்கிறது. பல ஆய்வகக் கருவிகள் பயோட்டினை ஒட்டுப்பசையாக வைத்துத்தான் ஹார்மோனைப் பிடிக்கின்றன. ரத்தத்தில் ஏற்கெனவே பயோட்டின் நிறைந்திருந்தால் கணக்கு தலைகீழ்: தைராய்டைத் தூண்டும் டிஎஸ்ஹெச் குறைவாக, தைராய்டு சுரக்கும் டி4 அதிகமாகக் காட்டும். தெரிந்த பெண் ஒருவருக்கு அப்படித்தான் "தைராய்டு கூடுதல்" என்று வந்தது. படபடப்பு இல்லை, எடை குறையவில்லை, கை நடுக்கம் இல்லை, ஆனால் தாளில் மட்டும் நோய். தைராய்டுக்கு மாத்திரை ஆரம்பிக்கும் முன் யாரோ "முடிக்கு ஏதாவது போடறீங்களா" என்று கேட்டதால் தப்பித்தார். நிறுத்தி மறுபடி பார்த்தால் எல்லாம் சரி. மாரடைப்புக்குப் பார்க்கும் ட்ரோபோனினையும் இது குறைத்துக் காட்டலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017ல் எச்சரித்தது. மாரடைப்பு இருந்தும் "ஒன்றுமில்லை" என்று வீட்டுக்கு அனுப்பும் ரிப்போர்ட் எப்படிப்பட்டது என்று யோசியுங்கள். பரிசோதனைக்கு இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்திவிட்டு, ஆய்வகத்திலும் சொல்லுங்கள். "இது மருந்து இல்லையே, எதுக்குச் சொல்லணும்" என்பீர்கள். தெரியும்.

சொல்லத்தான் வேண்டும். கால்சியம் மாத்திரையை தைராய்டு மாத்திரையான தைராக்சினோடு சேர்த்துப் போட்டால் தைராக்சின் சரியாக உள்ளே போகாது. நாலு மணிநேர இடைவெளி வேண்டும். இரும்பு மாத்திரையும் அப்படியே. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர் விட்டமின் கே கலந்த மல்டிவிட்டமினைத் திடீரென்று தொடங்கினால் ரத்த உறைவுக் கணக்கு ஆடிப்போகும். துத்தநாகம் தினமும் 40 மில்லிகிராமைத் தாண்டி மாதக்கணக்கில் போனால் உடம்பில் தாமிரம் வற்றும், அதிலிருந்து சோகை, நரம்புப் பாதிப்பு. அந்தச் சோகைக்கு இரும்பு மாத்திரை வாங்குவார்கள். சிரிக்காதீர்கள், நடக்கிறது.

இரும்பு என்றதும் ஒன்று. வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் அந்த டப்பாவைக் கைக்கெட்டாமல் பூட்டி வையுங்கள். லேபிளில் 325 மில்லிகிராம் ஃபெரஸ் சல்பேட் என்றிருந்தால் அதில் இரும்பு 65. பத்து கிலோ குழந்தை ஒன்பது, பத்து மாத்திரை விழுங்கினால் உயிருக்கே ஆபத்தான எல்லை. முதல் சில மணிநேரம் வாந்தி, ரத்தம் கலந்த பேதி. அப்புறம் நின்றுவிடும், குழந்தை விளையாடக்கூட ஆரம்பிக்கும். "சரியாயிடுச்சு" என்று நினைக்கும் அந்த நேரத்தில்தான் கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும். வாந்தி நின்றாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். இதையும் "பயமுறுத்துறார்" என்று எழுதப்போகிறீர்கள். எழுதுங்கள்.

உண்மையில் எனக்குக் கோபம் மாத்திரை மேல் இல்லை. ஒரு மனுஷி ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போது, "அவங்க உடம்பு வீக்கா இருந்திருக்கும்" என்று தீர்ப்பெழுதினீர்களே, அதன் மேல். அளவைக் கேட்டவன் கெட்டவன், அள்ளி விழுங்கச் சொன்னவர் நல்லவர். இருநூறுக்கு மேல் பதில்கள். என் படிப்பைக் கேட்டார்கள், எனக்கு யார் காசு கொடுக்கிறார்கள் என்று கேட்டார்கள். அந்த அம்மா எப்படி இருக்கிறார் என்று ஒருவர் கேட்கவில்லை.

கால்சியம் இறங்க ஆரம்பித்திருக்கிறது. கிட்னியின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் இன்னும் இறங்கவில்லை.