மல்பாசேயில் தோற்றது கான்கிரீட் இல்லை

"அணைக்கு அடியில் இருந்த நைஸ் (gneiss, அடுக்கடுக்கான கெட்டிப் பாறை) பாறையை லேபில் நசுக்கிப் பாருங்க, கான்கிரீட்டை விட வலு. அப்போ மல்பாசே அணை மட்டமான கான்கிரீட்டால்தான் உடைந்திருக்கணும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கையளவு துண்டுக்கு அந்தக் கணக்கு சரியாக வரலாம். முடிவு தப்பு.

1959 டிசம்பர் 2 இரவு, பிரான்சில் ஃப்ரெஜூஸ் ஊருக்கு மேலே இருந்த அந்த வளைவு அணை போனது. 400 பேருக்கு மேல் இறந்தார்கள். விசாரணையில் கான்கிரீட் மேல் குற்றம் வரவில்லை. இடது கரையில் பாறையின் அடுக்குப் பிளவுகளும் கீழ்ப்பக்கம் ஓடிய ஒரு ஃபால்ட்டும் (பாறை உடைந்து நகர்ந்த பெரிய முறிவு) சேர்ந்து ஒரு பெரிய துண்டை ஆப்பு மாதிரி தனியாக்கி வைத்திருந்தன. பிளவுக்குள் புகுந்த தண்ணீரின் அழுத்தமும் வளைவு அணை கரைப் பாறையைத் தள்ளும் உதைப்பும் சேர, அது நகர்ந்துவிட்டது.

லேப் எண் ஏன் ஏமாற்றுகிறது? பாறையில் துளைபோட்டு எடுத்த கோர் (உருளைத் துண்டு) பெட்டியைத் திறந்து பாருங்கள். நசுக்கும் சோதனைக்கு, முழுசாக வந்த துண்டைத்தான் பொறுக்குவார்கள். பிளவோடு பிட்டுப் பிட்டாக வந்தது பெட்டியிலேயே கிடக்கும். ஆக, பரீட்சை எழுதியது வகுப்பின் முதல் ரேங்க் பையன் மட்டும்!

பிளவின் சாய்வையும் பார்க்கணும். மேலிருந்து அழுத்தும்போது படுக்கையாகக் கிடக்கும் பிளவு பெரிதாகக் கெடுக்காது. கிடையிலிருந்து சுமார் 60 டிகிரி சாய்ந்திருந்தால் பாறை புதிதாக உடையவே வேண்டாம், பிளவு வழியே வழுக்கிவிடும். இடையில் களிமண் இருந்தால் இன்னும் சுலபம்.