இந்துப்பும் சோடியம்தான்
"சாதா உப்பை விட்டு இந்துப்புக்கு மாறினாலே பிரஷர் இறங்கிவிடும்" என்று உங்கள் கட்டுரையில் வரும் ஒரு வரியைத் தயவுசெய்து திருத்துங்கள். இந்துப்பும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். அதிலுள்ள பொட்டாசியம் கணக்கில் எடுக்கும் அளவுக்கு இல்லை. 'நல்ல உப்புதானே' என்று கை தாராளமாகிவிடும், அயோடின் சேர்க்காத பாக்கெட்டாக இருந்தால் அதுவும் போச்சு. பலன் தருவது பொட்டாசியம் குளோரைடு கலந்த 'லோ சோடியம்' உப்பு. சீனக் கிராமங்களில் நடந்து 2021-ல் வெளியான ஆய்வில், சோடியம் குளோரைடு 75, பொட்டாசியம் குளோரைடு 25 என்ற விகிதத்தில் கலந்த உப்பைச் சாப்பிட்டவர்களுக்கு, சாதா உப்பு சாப்பிட்டவர்களைவிடப் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. ஆனால் எல்லாரும் உடனே அதை வாங்கிவிடக் கூடாது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கும், டெல்மிசார்டன், ராமிப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற பிரஷர் மாத்திரைகள் சாப்பிடுபவர்களுக்கும் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத்துடிப்பே தாறுமாறாகலாம். ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுவது), பொட்டாசியம் இரண்டையும் பரிசோதித்து, டாக்டரிடம் கேட்ட பிறகுதான் தொட வேண்டும். எந்த உப்பானாலும் அளவுதான் முக்கியம். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது தலைதட்டிய ஒரு டீஸ்பூன். பாக்கெட் பிரித்த தேதியை டப்பாவில் எழுதி ஒட்டுங்கள்: நாலு பேர் வீட்டில் ஒரு கிலோ உப்பு குறைந்தது 50 நாள் வர வேண்டும். அதிலும் ஊறுகாய், கருவாடு, மோர் மிளகாய், கடை மிக்சர் எதுவும் சேரவில்லை. அப்பளத்தில் உப்பு மட்டுமல்ல, அப்பளக்காரத்திலும் சோடியம் இருக்கிறது. சாதம் வடிக்கும்போதும் தயிர் சாதத்திலும் போடும் உப்பை முதலில் நிறுத்துங்கள், நாக்கு சில வாரங்களில் பழகிவிடும். அதுவரைக்கும், அதற்குப் பிறகும், பிரஷர் மாத்திரையை நீங்களாகக் குறைக்காதீர்கள்.