அஃபிடவிட் வந்தும் வாய்தா குறையலியே
கிரிமினல் வழக்குல சாட்சியை நேர்ல கூப்பிடாம எல்லாத்தையும் எழுத்துல வாங்கிட்டா கேஸ் தேக்கம் குறையும்னு ஒரு கட்டுரைல சொல்றது எனக்கு சரியா படல, செக் பவுன்ஸ் கேஸ்ல புகார்தாரர் சாட்சியத்தை அஃபிடவிட்டா, அதாவது சத்தியம் பண்ணி எழுதின வாக்குமூலமா குடுக்கலாம்னு மாற்றுமுறை ஆவணச் சட்டத்துல 145வது பிரிவு வந்து 20 வருஷத்துக்கு மேல ஆச்சு, ஆனா 2019 கடைசில நிலுவைல இருந்த 2.31 கோடி கிரிமினல் கேஸ்ல 35 லட்சம் செக் கேஸ்தான்னு சுப்ரீம் கோர்ட்டே 2021ல சொல்லுச்சு. எங்க சித்தப்பா மேல ஒரு வட்டிக்காரர் போட்ட செக் கேஸுக்கு நானே கூட அலைஞ்சிருக்கேன், கூட சேர்த்திருந்த பார்ட்னருக்கு போன சம்மன் 'வீடு பூட்டியிருக்கு'ன்னு திரும்பித் திரும்பி வந்தே பாதி வாய்தா போச்சு, சாட்சி விசாரணைக்கு ஆனது மொத்தமே ரெண்டு நாள். அதுலயும் வட்டிக்காரர் இன்ன தேதில கடைல வச்சு 3 லட்சம் ரொக்கமா குடுத்தேன்னு அஃபிடவிட்ல அழகா டைப் அடிச்சிருந்தாரு, குறுக்கு விசாரணைல எங்க வக்கீல் அன்னிக்கு கடை திறந்திருந்துச்சான்னு கேட்டதும் மனுஷன் கர்ச்சீப்ப எடுத்து மொகத்த தொடச்சிட்டு, இல்ல சார் அன்னிக்கு மாட்டுப் பொங்கல்னு அவரே உளறிட்டாரு. பேப்பர்லயே முடிச்சிருந்தா இது வெளிய வந்திருக்குமா? அந்தக் கட்டுரைக்குக் கீழ கமெண்ட்ல ஒருத்தர் சின்ன அபராதத்துக்கெல்லாம் கோர்ட் படி ஏறணுமான்னு கேட்டிருக்காரு, வேணாம்தான், அந்த மாதிரி பெட்டி கேஸ்ல தபால்லயே குத்தத்த ஒத்துக்கிட்டு பணம் அனுப்ப சட்டத்துல ஏற்கனவே வழி இருக்கு, அத வச்சுக்கிட்டு ஒருத்தன உள்ள தள்ற கேஸையும் அப்படியே பேப்பர்ல முடிக்கலாம்னு நீட்டாதீங்க.