பவர் பத்திரமும் கூடவே படுத்துவிடும்

அந்த வீடியோவை இன்னும் எத்தனை பேர் எனக்கு அனுப்பப் போகிறீர்கள்? "அப்பா அம்மாகிட்ட ஒரு ஜெனரல் பவர் வாங்கிடுங்க, ஆஸ்பத்திரி முதல் பேங்க் வரை எல்லாம் உங்க கையில்" என்கிறார் அந்த அண்ணன். கீழே ஒரே கைதட்டல். தப்பு என்று ஒரு வரி எழுதினால், "வக்கீலுக்குப் பொழப்பு போயிடும்னு பயம்" என்று பதில். இருக்கட்டும்.

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 201. தன் சார்பில் செயல்பட இன்னொருவருக்குப் பவர் எழுதிக் கொடுத்தவர் இறந்தாலும், சித்த சுவாதீனம் இழந்தாலும் அது முடிந்தது. அப்பா நடமாடி, தானே கையெழுத்துப் போடும்வரை அது செல்லும். பக்கவாதம் வந்து நினைவு தப்பினால், உங்களுக்கு அது தேவைப்படும் அதே நாளில், வெறும் முத்திரைத்தாள். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் நினைவு போன பிறகும் நிற்கிற பவர் உண்டு. அதை இங்கே வந்து ஒப்பிக்கிறார்கள்.

"என் மச்சான் அதை வைத்துத்தான் பேங்கில் பணம் எடுத்தான்" என்று ஒருவர் வருவார். எடுத்திருப்பான். அப்பா கோமாவில் இருப்பது மேனேஜருக்குத் தெரிந்திருக்காது.

வைத்தியத்துக்கு வேண்டியது வேறு தாள்: முன்கூட்டிய மருத்துவ உத்தரவு, பேச்சில் லிவிங் வில். தானே முடிவு சொல்ல முடியாமல் போனால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்பே எழுதி வைப்பது. உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று அனுமதித்தது. மாஜிஸ்திரேட் மேலொப்பம் வேண்டும் என்ற நிபந்தனையிலேயே அது முடங்கியது. 2023 ஜனவரி 24 முதல் நோட்டரியோ கெஜட்டட் ஆபீசரோ போதும். வயது 18, தெளிந்த புத்தி, இரண்டு சாட்சிகள். வாரிசுகளைச் சாட்சியாகப் போடாதீர்கள்.

சொதப்புவது வாசகத்தில்தான். "தேவையற்ற சிகிச்சை வேண்டாம்" என்று எழுதிவிடுகிறார்கள். எது தேவையற்றது என்று ராத்திரி 2 மணிக்கு டூட்டி டாக்டர் ஜோசியமா பார்ப்பார்? வென்டிலேட்டர், டயாலிசிஸ், டியூப் வழி உணவு, இதயம் நின்றால் நெஞ்சை அமுக்குவது என ஒவ்வொன்றும் எந்த நிலையில் வேண்டும், எதில் வேண்டாம் என்று தனித்தனியாக வரட்டும். உங்களுக்காகப் பேசப் போகிறவர்கள் ஒருவருக்கு மேல் இருக்கட்டும், யார் முதல், யார் அடுத்து என்று செல் நம்பரோடு. நகல் அவர்களிடம் ஒன்று, குடும்ப டாக்டரிடம் ஒன்று, பஞ்சாயத்து அல்லது மாநகராட்சியின் பொறுப்பு அதிகாரியிடம் ஒன்று. பீரோவில் பூட்டி சாவியை இடுப்பில் செருகிக்கொண்டால் ஐ.சி.யூ. வாசலில் நிற்கிறவர் எதைக் காட்டுவார்? மனசு மாறினால் எழுத்தில் ரத்து செய்யலாம். இரண்டு உத்தரவுகள் இருந்தால் கடைசியாகக் கையெழுத்தானதே செல்லும்.

"சொத்துக்காக டியூபைப் பிடுங்கிடுவாங்க." முடியாது சாமி. நோயாளி தானே முடிவு சொல்ல முடியாத நிலையில், குணமாக வழியில்லை என்று ஆனபின்தான் இந்தத் தாளே வெளியே வரும். சிகிச்சை தரும் டாக்டரும் 5 வருட அனுபவமுள்ள இரண்டு நிபுணர்களும் ஒரு குழு. மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் டாக்டரோடு இன்னொரு குழு. இரண்டும் ஒத்துக்கொண்ட பிறகு மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல். அபசகுனம் என்பவர்களுக்கு: இன்சூரன்ஸ் போட்ட வண்டியெல்லாம் போய் மோதிக்கொண்டா இருக்கிறது?

ஆனால் சொத்துக்கு இந்தத் தாளும் உதவாது. கோமாவில் கிடந்த கணவரின் சொத்தை விற்று வைத்தியம் பார்க்க, 2024-ல் ஒரு பெண் சென்னை உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு வரை போய்த்தான் அனுமதி வாங்கினார். தாலி கட்டினவளுக்கே அந்தக் கதி. குறைந்தபட்சம் வைத்தியச் செலவுக்காவது, இருவரில் யாரும் இயக்கலாம் என்ற ஜாயின்ட் அக்கவுன்ட் ஒன்று இருக்கட்டும்.

எல்லாம் சொல்லி, மருத்துவ உத்தரவில் பேசப் போகிறவர் பெயர் எழுதும் இடத்துக்கு வந்தால் தொடங்கும் நாடகம். வெளிநாட்டு மகன் பெயர்தான் முதலில் வரணும், "ஊர் என்ன சொல்லும்?" அவன் தூங்கி எழுந்து போனை எடுக்கும்வரை டாக்டர் காத்திருப்பாரா? மருந்துச் சீட்டையும் ரிப்போர்ட்டையும் தேதிவாரியாக ஃபைல் போட்டு வைத்திருக்கும் மகள் பக்கத்து நாற்காலியில். அவள் பெயர் இரண்டாவதாகக்கூட வராது. பேனா மூடியைக் கழற்றி அப்பா விரலிடுக்கில் வைப்பது அவள்தான்.