சுறாவைப் பிடிக்கவே கூடாதா? வாட்ஸ்அப் செய்தி சொல்வது சரியல்ல

"இலங்கையில் எல்லாச் சுறாவுக்கும் தடை. அதனால் சுறா பெருகி, பாரையையும் சூரையையும் தின்று தீர்க்கிறது. தூண்டில்காரருக்கு இனி ஒன்றும் மிஞ்சாது" என்று ஒரு செய்தி கொழும்பு வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது.

எல்லாச் சுறாவுக்கும் தடை இல்லை. விடியற்காலையில் பேலியகொடை மீன் சந்தைக்குப் போனால் சுறா வெட்டி விற்பதை நீங்களே பார்க்கலாம். உடலளவு நீண்ட வாலுள்ள கசைவால் சுறாக்களைப் பிடிக்க 2012இல் தடை வந்தது. 2015 விதிகளில் திமிங்கலச் சுறாவும், துடுப்பு நுனி வெளுத்த ஆழ்கடல் சுறாவும் சேர்ந்தன. இவை தவறி மாட்டினால் உயிரோடு விட்டுவிட வேண்டும். வர்த்தமானியில் இருக்கிறது, சந்தேகமென்றால் மாளிகாவத்தையிலுள்ள கடற்றொழில் திணைக்களத்தில் கேளுங்கள்.

சரி, பெருகிவிட்டதா? சூரை இலட்சக்கணக்கில் முட்டையிடும். கசைவால் சுறா ஒரு ஈற்றில் பெரும்பாலும் இரண்டே குட்டிதான் போடும். இத்தனை வருடத் தடையிலும் கடலை நிரப்ப அதனால் முடியாது. உலகளவில் ஆழ்கடல் சுறா, திருக்கைகளின் எண்ணிக்கை 1970க்கும் 2018க்கும் இடையில் 71 சதவீதம் குறைந்தது. திமிங்கலச் சுறாவின் சாப்பாடோ மிதவை உயிரிகளும் பொடி மீனும். பாரைக்கு அது போட்டியே இல்லை.

தூண்டிலில் மாட்டிய மீனைச் சுறா பாதியாகக் கடித்துப் போவது உண்மைதான். தலை மட்டும் மேலே வந்தால் எவருக்கும் எரிச்சல் வரும். அதற்காக மீன் குறைவதற்கெல்லாம் சுறாதான் காரணம் என்றாகிவிடாது.

இந்தச் செய்தி வந்தால், தயவுசெய்து மேற்கொண்டு அனுப்பாதீர்கள்.