பிடிக்கவில்லை என்பது வேறு, துப்புவது வேறு

அந்த வீடியோவை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். மூன்று நாளில் ஆறு பேர் அனுப்பிவிட்டீர்கள். மதுரை மெஸ்ஸில் உட்கார்ந்து, ரத்தப் பொரியலைக் கொஞ்சம் கிள்ளி வாயில் போட்டு, அப்படியே இலையில் துப்பி, "இதையெல்லாம் மனுஷன் சாப்பிடுவானா?" என்று கேமராவைப் பார்த்துக் கேட்ட தம்பியைத்தான் சொல்கிறேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்துச் சிரித்தீர்கள். நான் பின்னால் நின்ற அக்காவைப் பார்த்தேன். கையில் குழம்பு வாளியோடு, சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றிருந்தார்.

பிடிக்கவில்லை என்பது வேறு, துப்புவது வேறு. எனக்கும்தான் பாகற்காய் பிடிக்காது. யார் வீட்டு இலையிலும் துப்பியதில்லை.

குழம்பின் காரத்தில் அந்தத் தம்பிக்குக் கண்ணீர் வந்ததே, அதில் எனக்கு வருத்தமே இல்லை. காரம் நாக்கு அறியும் சுவையே அல்ல. சுடுவதை உணர்கிற அதே நரம்பைத்தான் மிளகாயும் தூண்டுகிறது. பழகாதவருக்கு எரியத்தான் செய்யும். மிளகாயே போர்ச்சுகீசியர் கொண்டுவந்து 500 வருஷம்தான் ஆகிறது, அதற்கு முன் நமக்கும் மிளகுதான். "அக்கா, காரம் தாங்கல" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவரே தயிர் கொண்டுவந்து ஊற்றியிருப்பார். மதுரையில் எந்த மெஸ்ஸிலும் இது நடக்கும்.

அந்த வீடியோவின் கீழே வந்த கருத்துகள்தான் என்னைத் தூங்கவிடவில்லை. "அழுக்கு", "கழிவு", "குடலைப் போய்த் தின்பார்களா". கழிவா? ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் கறிக்கடைக்குப் போய் அம்மா குடல் வாங்கி வருவார். வெந்நீரில் முக்கி, துண்டு போல் சொரசொரப்பாக இருக்கும் வயிற்றுப் பையைக் கத்தியால் சுரண்டுவார். கருப்புத் தோல் உரிந்து வெள்ளை தெரியும்வரை கை நிற்காது. சிறுகுடலைக் குச்சியில் கோத்து உட்புறம் வெளியே வரத் திருப்பிக் கழுவுவார். கல்லுப்பு, மஞ்சள், மறுபடி தண்ணீர். எட்டுத் தண்ணீராவது மாற்றுவார். இரண்டு மணி நேரம். அன்று முழுக்க அம்மாவின் விரல் நுனிகள் சுருங்கி மஞ்சளாக இருக்கும். அந்த விரலைப் பார்த்துவிட்டு அழுக்கு என்று சொல்லட்டும்.

ஏன் குடலும் ரத்தமும்? தனிக்கறி வாங்கக் காசு இல்லை, அவ்வளவுதான். தொடை வேறு வீடுகளுக்குப் போனது. தலை, கால், குடல், ரத்தம் எங்களுக்கு வந்தது. தங்கைக்கு ரத்தம் குறைவு என்று சொன்னதும் அம்மா தேடித் தேடிச் சுவரொட்டி வாங்கி, தணலில் சுட்டுக் கொடுத்தார். ஆட்டின் மண்ணீரல், இரும்புச்சத்து நிறைந்தது.

"பிடிக்காததைச் சொல்லக்கூட உரிமையில்லையா?" என்பீர்கள். இருக்கிறது, தாராளமாகச் சொல்லுங்கள். "கொழுப்பு ஏறும்" என்பீர்கள். சரி, டாக்டர் வேண்டாம் என்றால் சாப்பிடாதீர்கள். சைவக்காரர்களைப் பற்றி நான் பேசவே இல்லை, அவர்கள் யாரும் வந்து துப்பவில்லை. ஆனால் இங்கிலாந்தில் காலை உணவில் பன்றி ரத்தத்தில் செய்த பிளாக் புட்டிங் வைக்கிறார்கள். ஸ்காட்லாந்தில் ஆட்டின் ஈரலையும் நுரையீரலையும் வயிற்றுப் பையில் அடைத்து வேகவைத்து, அதை நாட்டின் பெருமை என்கிறார்கள். பிரான்ஸில் நத்தை. அங்கெல்லாம் போனால் "புது அனுபவம்" என்று எழுதுவோம். ஒடிசாவில் மயூர்பஞ்ச் மக்களின் சிவப்பு எறும்புச் சட்னிக்கு 2024இல் புவிசார் குறியீடே கொடுத்தார்கள். அதற்கும் இங்கே முகம் சுளித்தவர்கள் உண்டு.

கல்லூரியில் ஒருநாள் குடல் கறி கொண்டுபோனேன். மூடியைத் திறந்ததும் பக்கத்தில் இருந்தவன் எதுவும் சொல்லாமல் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டான். நாற்காலிக் கால் தரையில் தேய்ந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அன்று டப்பாவை மூடிவிட்டேன். "நல்லா இருந்துச்சாடா?" என்று அம்மா கேட்டபோது இருந்தது என்று பொய் சொன்னேன். அதற்கப்புறம் அம்மாவிடம் தயிர்சாதம் போதும் என்று சொல்லிவிட்டேன். மூன்று வருஷம் தயிர்சாதம்.

நேற்று யாரோ அம்மாவின் போனுக்கும் அந்த வீடியோவை அனுப்பியிருக்கிறார்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் பார்த்தார். அப்புறம் என்னைக் கூப்பிட்டு அந்த அக்காவைக் காட்டிக் கேட்டார்.

"ஏன்டா துப்புறான்? அந்தப் புள்ள உப்பு கூடப் போட்ருச்சா?"