உறை பிரிக்காத பழைய விமான மாடல் பெட்டி: பரவும் தவறான கருத்து

தயாரிப்பு நின்றுபோன விமான மாடல் கிட்டின் (பாகங்களை ஒட்டி மாடல் செய்யும் தொகுப்பின்) உறை பிரிக்கப்படாமல் இருந்தால் உள்ளே எல்லாம் புதிதாகவே இருக்கும், அது அரிதானது என்பதால் எந்த விலையும் தகும் என்ற கருத்து பரவுகிறது. அது சரியல்ல.

பிளாஸ்டிக் உறையை யாரும் வெப்பக் காற்றால் மீண்டும் சுற்றிவிடலாம். ஆகவே அது பாகங்கள் முழுமையாக உள்ளன என்பதற்குச் சான்றாகாது. பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆன பாகங்கள் பல பத்தாண்டுகள் தாங்கும். முதலில் கெடுவது டீகால் தாள்தான் (நீரில் நனைத்து மாடலில் ஒட்டும் சின்னங்கள் அச்சிட்ட தாள்): அதன் படலம் மஞ்சளாகும், சில வேளை நீரில் இட்டதும் சுக்குநூறாகும். மென்மையான வினைல் சக்கரம் காக்பிட் மூடியை ஒட்டிக் கிடந்திருந்தால், அது தொட்ட இடத்தில் பிளாஸ்டிக் உருகி, மெருகேற்றினாலும் போகாத பள்ளம் விழுந்திருக்கும். எனவே, திறந்த பெட்டியானாலும், பாகங்கள் இணைந்திருக்கும் சட்டங்களையும் டீகாலையும் தெளிவாகக் காட்டும் படங்களோடு விற்கப்படுவதையே நான் நம்புவேன்.

உற்பத்தி நின்றதாலேயே ஒரு கிட் அரிதாகிவிடுவதும் இல்லை. பிரிட்டனின் ஃப்ராக் என்ற மாடல் நிறுவனம் 1970களில் மூடப்பட்ட பின், பாகங்களை வார்க்கும் அதன் அச்சுகளில் பெரும்பகுதி சோவியத் ஒன்றியத்துக்குச் சென்று, அதே விமானங்கள் நோவோ என்ற பெயரில் மீண்டும் விற்பனைக்கு வந்தன. விலை பேசுமுன் அந்த அச்சு பின்னர் வேறு பெயரில் வெளிவந்ததா என்று பார்ப்பது அவசியம்.